ஏட்டையா உட்கார்ந்த வாசல்

எழுபத்தொன்பதாம் வருஷத்தில், அபுதாபிக்கு மேற்கே ருவைஸில் முழுசாக இருந்தவை கடலும் மணலும்தான். மற்றதெல்லாம் பாதி. சுத்திகரிப்பு ஆலை பாதி, ரோடு பாதி, வேலைக்கு வந்தவர்களின் குடும்பமும் பாதி. ஆம்பிளைகள் இங்கே, மீதிப் பேர் ஊரிலே. அந்தப் பாதிக் கட்டடங்களுக்கெல்லாம் சாரம் கட்டிய கூட்டத்தில் ஒருவன் கார்மேகம். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். அவன் கட்டிய சாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று சைட்டில் சொல்வார்கள். அதைச் சொன்னவர்களே கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டால் கார்மேகத்துக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

சாரம் கட்டுவது பகல் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் அவனுக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது. மறுநாள் வெள்ளி லீவு என்பதால் அன்றைக்கு கேம்பில் சினிமா. மெஸ்ஸின் பின்சுவருக்கு வெள்ளையடித்து, அதன்மேல் படம் காட்டுவார்கள். மெஷினை ஓட்டுவது கேம்ப் பாஸ் சுஐபு. பெயர்தான் பாஸ். அரிசி மூட்டை முதல் கக்கூஸ் பல்பு வரை எல்லாவற்றுக்கும் ஓடுகிற மனுஷன், காயல்பட்டினத்துக்காரர். வருவதெல்லாம் இந்திப் படம். அதைச் சுவருக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது கார்மேகத்தின் வேலை. ஊரில் இருந்தபோது கூண்டு வண்டியில் மைக் கட்டிக்கொண்டு டூரிங் டாக்கீஸ் படத்துக்கு விளம்பரம் சொன்னவன் அவன். வாய்க்குப் பஞ்சமில்லை. இந்தி அரைகுறையாகத்தான் தெரியும் என்றாலும், தெரியாத இடத்தில் நின்று யோசிக்கிற ஆளும் இல்லை. கதாநாயகி அழுதால் என்ன சொல்லி அழுவாள் என்று அவனுக்குத் தெரியும். சுஐபு சவுண்டைக் குறைத்துவிடுவார், கார்மேகம் கூட்டிவிடுவான்.

அந்த ஏப்ரலில் அபுதாபியிலிருந்து வந்த பிலிம் டப்பா மேலே இந்திப் படத்துப் பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்ததோ இங்கிலீஷ் படம். முதல் காட்சியிலேயே தொப்பி, குதிரை, துப்பாக்கி. கேம்ப் முழுக்க ஒரே கூச்சல். சுஐபு தலையில் கையை வைத்துக்கொண்டார். டப்பாவை மாற்றி வாங்க வேண்டிய வேன் வழியில் படுத்துவிட்டது, அதைத் தூக்கி நிறுத்த ஆளில்லை. ஆக, அடுத்தடுத்த வியாழன்களுக்கும் அதே படம்தான் என்று ஆயிற்று.

கார்மேகத்துக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அதனால் என்ன? ஐந்து நிமிஷம் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான், ஆரம்பித்துவிட்டான்.

"இந்தா பாருங்க, இதுவும் நம்ம ருவைஸ் மாதிரி ஒரு ஊரு. மணலு, காத்து. தண்ணி கெடையாது, பொம்பள கெடையாது. கோர்ட்டு கச்சேரி எல்லாம் ரெண்டு நாள் தூரத்துல இருக்கு. நெஞ்சுல நட்சத்திரம் குத்தியிருக்காரே, அவருதான் ஏட்டையா. ஊருக்கே ஒத்த ஏட்டு."

ஏட்டையா நரைத்த மீசைக்காரர், காலைச் சற்று இழுத்து நடப்பவர். பெரிய மாட்டுப் பண்ணைக்காரனின் மகன் சாராயக்கடைப் பின்வாசலில் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். ஒரு வாலிபன் பிடிபடுகிறான். அவனுக்குக் கார்மேகம் குருசாமி என்று பெயர் வைத்தான். ஏட்டையா குருசாமியை லாக்கப்பில் போடுகிறார். பண்ணையாரும் ஊர்க்காரர்களும் கயிற்றோடு வருகிறார்கள். கோர்ட்டெல்லாம் எதற்கு, இந்த மரத்திலேயே தொங்கவிடலாம் என்கிறார்கள். ஏட்டையா ஒரு நாற்காலியை இழுத்து லாக்கப் வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். துப்பாக்கி மடியில். யாரையும் குறிபார்க்கவில்லை. தோளில் குண்டு படுகிறது, அப்போதும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கூட்டம் கலைகிறது, காலையில் குருசாமியை ஏற்றிக்கொண்டு குதிரை வண்டி போகிறது. புழுதிதான் கடைசிக் காட்சி.

"அங்க ஜட்ஜய்யா விசாரிச்சு, குருசாமி நிரபராதின்னு விட்டுட்டாரு! அநியாயமாச் சாக இருந்த உசுர ஏட்டையா காப்பாத்துனாரு!" என்று கார்மேகம் முடித்தபோது பறந்த விசிலில் மெஸ் கூரைத் தகரம் அதிர்ந்தது. புழுதியில் ஜட்ஜே இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. கதாநாயகன் வாசலில் உட்கார்ந்து ஒருவனைக் காப்பாற்றினால், காப்பாற்றப்பட்டவன் நல்லவனாகத்தானே இருக்க வேண்டும்? கார்மேகம் அப்படித்தான் பார்த்து வளர்ந்தவன். நீங்களும் நானும்கூட அப்படித்தான்.

இரண்டாவது வியாழன் சேதுராமன் சார் படம் பார்க்க வந்தார். திருச்சிக்காரர், பைப்லைன் இன்ஜினியர். குடும்பம் அபுதாபியில் இருந்தது. அன்றைக்கு அவருக்கு வண்டி கிடைக்கவில்லை. கடைசி வரிசையில் ஸ்டூலில் உட்கார்ந்து, கார்மேகத்தின் குரலைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். படம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் கூப்பிட்டார்.

"பிரமாதம் கார்மேகம். படத்தைவிட நீ நல்லா இருக்கே. ஆனா ஒண்ணு. அந்தப் பையன் நிரபராதி இல்லப்பா."

"என்ன சார் சொல்றீங்க?"

"லாக்கப்ல தொப்பியைக் கையில வெச்சு உருட்டிண்டே பேசறானே, அங்கே அவன் ஏட்டுகிட்ட ஒத்துக்கறான். நான்தான் சுட்டேன், பின்னாலேர்ந்து சுட்டேன்னு. கோர்ட்டுக்குப் போனா தூக்குதான், அது அவனுக்கும் தெரியும், ஏட்டுக்கும் தெரியும்."

அந்தக் காட்சிக்குக் கார்மேகம், "என் ஆத்தா மேல சத்தியமா நான் ஒரு பாவமும் அறியேன்" என்று உருக்கமாக வசனம் பேசி, இரண்டு வாரமும் பலரை மூக்கைச் சிந்த வைத்திருந்தான்.

"அப்ப எதுக்கு சார் அந்தாளு வாசல்ல போயி உக்காந்தாரு? குண்டடி வேற பட்டு?"

"அதுதானப்பா படமே," என்று சொல்லிவிட்டு சேதுராமன் போய்விட்டார். படித்தவர்களிடம் இதுதான் தொல்லை. முடிச்சை அவிழ்ப்பதுபோல வந்து இன்னொரு முடிச்சைப் போட்டுவிட்டு நடந்துவிடுவார்கள். கார்மேகத்துக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை பேருக்கும் பொய்யைச் சொல்லிவிட்டோமே என்ற கூச்சம் ஒரு பக்கம். குற்றவாளி ஒருவனுக்காகக் குண்டடி பட்ட அந்தக் கிழட்டு ஏட்டின்மேல் கோபம் இன்னொரு பக்கம்.

இந்தக் குழப்பத்தோடு அவன் இருந்தபோதுதான் அவனுடைய டேப் ரிக்கார்டர் காணாமல் போனது.

அந்தக் காலத்தில் கல்ஃபுக்காரனுக்கு டேப் ரிக்கார்டர் பாட்டுக் கேட்க மட்டும் அல்ல. ஊரிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார்கள், இங்கிருந்து பேசி அனுப்புவார்கள். லீவில் போகிறவன் பெட்டியில் பாதி அடுத்தவர்கள் குரலாகவே இருக்கும். கார்மேகம் கப்பல் ஏறியபோது மீனாம்பாள் மாசமாக இருந்தாள். பிறந்த நாகவள்ளியை அவன் இன்னும் பார்க்கவில்லை. அவள் முதன்முதலாக "அப்பா" என்று சொன்னதை மீனாம்பாள் எப்படியோ கேசட்டில் பிடித்து அனுப்பியிருந்தாள். அந்த ஒரு கேசட் டேப்புக்குள்ளேயே இருந்தது. டேப் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை முதல் தடவை அப்பா என்று சொல்வதை எந்தக் கடையில் வாங்குவது? கார்மேகம் அழுதான். ஆறடி ஆள், கட்டிலில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் அழுதான்.

அவனைவிட அதிகம் கொதித்தவன் பழனிச்சாமி. பக்கத்துக் கட்டில்காரன், ஒட்டன்சத்திரம், வெல்டர். கார்மேகத்தை அண்ணன் என்று வாயால் மட்டும் கூப்பிடுகிறவன் இல்லை. ரூம் ரூமாகத் தேடினான். புதன்கிழமை டூட்டி முடிந்து வந்ததும் கடைசி ரூமில் வேலுச்சாமி கட்டிலுக்கு அடியில், பழைய சட்டையில் சுற்றி வைத்திருந்த டேப் அகப்பட்டது. வேலுச்சாமி அருப்புக்கோட்டைப் பையன், வந்து சில மாசம்தான் ஆகிறது. யாரோடும் ஒட்டாதவன்.

கேசட் உள்ளேயே இருந்தது. கார்மேகம் பட்டனை அமுக்கினான். வந்தது நாகவள்ளியின் குரல் இல்லை.

"அம்மா, நான் வேலு பேசுறேன்ம்மா. நான் நல்லா இருக்கேன்..."

பிள்ளையின் குரலுக்கு மேலேயே பேசிப் பதிந்து வைத்திருந்தான். கார்மேகம் பட்டனைத் தட்டி நிறுத்தினான். அதன்பிறகு அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. சாரம் முடுக்குகிற ஸ்பானர் கையில் எப்படி வந்தது என்பதும் தெரியவில்லை.

கேம்பில் இதற்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. போலீசுக்குப் போகக்கூடாது. போனால் கம்பெனி, விசா கொடுத்த கஃபீல் என்று பத்துப் பேர் வேலைக்கு வேட்டு. ரூம் விஷயத்தை ரூமே பார்த்துக்கொள்ளும். வேலுச்சாமியை இழுத்துப்போய் மெஸ் சாமான் கிடங்கில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சுஐபு சரக்கு எடுக்க வெளியே போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நாலைந்து பேர் கையில் துண்டுக் குழாய்.

"அண்ணா, மொத அடி உங்களுதுங்ண்ணா," என்றான் பழனிச்சாமி. "பொறவு நாங்க பாத்துக்கறோம். ஒரு கை ஒரு காலாச்சும் போகோணும்."

"கம்பெனியில கேட்டா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாரத்துல இருந்து விழுந்துட்டான்னு சொல்லிக்கலாம். யார் பாத்தா?"

கார்மேகத்தின் கை அங்கேயே நின்றது.

ருவைஸுக்கு வருமுன் அவன் சவூதியில், அல் கோபார்ப் பக்கத்து சைட் ஒன்றில் இருந்தான். அங்கேயும் ஒருவன் திருடினான், அங்கேயும் ரூமே பார்த்துக்கொண்டது. விடியுமுன் தூக்கிக்கொண்டு போய் சாரத்தின் அடியில் போட்டார்கள். விழுந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். அவனுடைய இடுப்பு அதோடு போயிற்று, அப்புறம் அவன் எழுந்து நடக்கவே இல்லை. அந்தச் சாரம் கார்மேகம் கட்டியது. ஃபோர்மேன் அவனைக் கூப்பிட்டு, குழாயைப் பிணைக்கிற எந்தக் கிளாம்ப்பைச் சரியாக முடுக்கவில்லை என்று நாலு பேர் முன்னால் கேட்டான். ஒவ்வொரு கிளாம்ப்பும் இறுகிக் கிடந்தது கார்மேகத்துக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றான்.

கிடங்கு ஓரமாக ஒரு காலி நெய் டின் கிடந்தது. கார்மேகம் அதை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான். ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவன் சிரித்தான். பழனிச்சாமி சிரிக்கவில்லை.

"என்னுங்ண்ணா, சினிமா காட்டறீங்களா? இவன் ஒண்ணும் குருசாமி இல்லீங். இவன் நெசமாலுமே திருடுனவன்."

"தெரியும்டா. இவன்தான் எடுத்தான்."

"உங்க புள்ள கொரல அழிச்சவனுங்ண்ணா!"

"அதுவும் தெரியும்."

"அப்பறம் எதுக்கு உக்காந்திருக்கீங்க? உங்களுக்காகத்தானே நாங்க இத்தன பேரு வந்து நிக்கறோம்?"

கார்மேகம் வாயைத் திறந்தான். வியாழன்தோறும் இரண்டரை மணி நேரம் ஓயாத வாய். அன்றைக்கு அதில் வசனம் ஒன்றும் வரவில்லை. நியாயம், தர்மம் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கே அவற்றில் நம்பிக்கை இல்லை. உள்ளே இருப்பவனை அடிக்க வேண்டும் என்று அவன் கைதான் எல்லாரையும்விட அதிகம் துடித்தது. கடைசியில் அவனிடம் இருந்த ஒரே விஷயத்தைச் சொன்னான்.

"என் சாரத்துல இருந்து ஒருத்தனும் விழ மாட்டான்."

கதவுக்குப் பின்னாலிருந்து வேலுச்சாமி அழுதான். "அண்ணே, அவுக அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும்ணே. போலீசு மட்டும் வேணாம்ணே. ஊருக்கு அனுப்பிருவாய்ங்க."

"பேசாம இருடா," என்றான் கார்மேகம், திரும்பிப் பார்க்காமல்.

கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. பின்னாலிருந்து ஒரு ரப்பர் செருப்பு பறந்து வந்து அவன் கன்னத்தில் சப்பென்று விழுந்தது.  செருப்படி என்றால் நம்மவர்களுக்கு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கார்மேகத்தின் கண் சிவந்தது. குனிந்து செருப்பை எடுத்தான். மண்ணைத் தட்டினான். டின்னுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான்.

"மண்ணு இன்னும் சுடுது. யாருதோ, வந்து மாட்டிக்கங்கப்பா."

யாரும் வரவில்லை. எப்படி வருவது? ஆனால் எல்லாரும் அடுத்தவன் காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் ஒருவன் சுடுமணலில் ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி மாற்றிக்கொண்டிருந்தான். எவனோ பக்கென்று சிரித்துவிட்டான். மெஸ்ஸில் தட்டைத் தட்டிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஓரத்தில் நின்றவர்கள் முதலில் நழுவினார்கள். குழாய் வைத்திருந்தவர்கள் அதை ஏன் வைத்திருக்கிறோம் என்பதுபோலச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்கள். பழனிச்சாமி மட்டும் கடைசி வரை நின்று, காறித் துப்பிவிட்டுப் போனான். சுஐபுவின் பிக்கப் வந்தபோது வாசலில் கார்மேகமும் ஒற்றைச் செருப்பும்தான் இருந்தார்கள்.

காலையில் சுஐபு வேலுச்சாமியைக் கம்பெனி ஆபீசுக்கு ஏற்றினார். ஆபீஸ் போலீசில் சேர்த்தது. வண்டியில் ஏறும்போது அவன் நன்றி சொல்லவில்லை.

"அடி வாங்கியிருந்தா இன்னைக்கு டூட்டிக்குப் போயிருப்பேன்."

"போயிருக்க மாட்ட," என்றான் கார்மேகம். வேலுச்சாமி அதை நம்பவில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை. கை கால் முழுசாக வண்டியில் ஏறிப் போனான்.

அன்று வியாழக்கிழமை. வேன் ரிப்பேராகிவிட்டது, அந்தப் படத்துக்கு அதுதான் கடைசி நாள். கார்மேகம் சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது யாரும் கைதட்டவில்லை. தொப்பியை உருட்டுகிற காட்சி வந்தது.

"இது வரைக்கும் நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். இவன்தான் கொன்னான். கொன்னேன்னு இவன் வாயாலயே சொல்றான்."

சலசலப்பு எழுந்து அடங்கியது. ஏட்டையா நாற்காலியை இழுத்து வாசலில் போட்டார். வழக்கமாக அங்கே கார்மேகம் பக்கம் பக்கமாகப் பேசுவான். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. புதிதாக வந்திருந்த ஆள் ஒருவன், "கொன்னவனுக்குப் போயி இவரு எதுக்கு உக்காந்திருக்காரு?" என்றான்.

"பேசாம பாருய்யா," என்றான் பழனிச்சாமி, பாயில் உட்கார்ந்தபடி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கார்மேகம் டேப்பை எடுத்துத் துடைத்தான். கேசட்டை வேறு எதற்காவது பயன்படுத்தலாம் என்றுதான் போட்டான். ரூமில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வேலுச்சாமியின் குரல் வந்ததும் ஒருவன் திட்டினான். கார்மேகம் இந்தத் தடவை நிறுத்தவில்லை.

"அம்மா, நான் வேலு பேசுறேன்ம்மா. நான் நல்லா இருக்கேன். சொந்தமா டேப் வாங்கிட்டேன்ம்மா, அதுலதான் பேசுறேன். இங்க எல்லாரும் என்கிட்ட பிரியமா இருக்காக. இன்னொரு ரூம்ல ஒரு அண்ணன் இருக்காரு. சினிமாவுக்குக் கத சொல்லுவாரு, நீ கேட்டா சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிரும்..."

கார்மேகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் அங்கே ஒரு தட்டலோடு நின்றது. ஒரு கொரகொரப்பு. பிறகு, அழியாமல் மிச்சமிருந்த இடத்திலிருந்து மீனாம்பாள் பேசினாள்: "இன்னொருக்கா சொல்லுடி. அப்பாவுக்குக் கேக்கணும்ல?" நாகவள்ளி சிரித்தாள். சிரித்துவிட்டு, "ப்பா," என்றாள்.

கார்மேகம் பட்டனை அமுக்கினான். திருப்பி ஓட்டினான். மறுபடி கேட்டான். 

பழனிச்சாமிதான் முதலில் எழுந்தான். தன் பெட்டியைத் திறந்து சொந்த டேப்பை எடுத்து வந்து வைத்தான். உள்ளே சினிமாப் பாட்டுக் கேசட். அவன் உயிராக வைத்திருந்தது.

"அடுத்த வாரம் நான் லீவுல போறனுங்ண்ணா. இவனுக்கு ஜெயில் முடிய மாசக் கணக்காகும். அந்தம்மா ஒரு தகவலும் இல்லாம கெடக்கும். இவன் பேசுனத இதுல ஏத்திக் குடுங்க, நான் அருப்புக்கோட்டைல கொண்டுபோய்க் குடுத்தர்றேன்."

"உன் பாட்டு அழிஞ்சுருமேடா."

"அழிஞ்சா அழிஞ்சு போவுது."

இரண்டு டேப்பையும் வாயோடு வாய் பார்க்க வைத்தார்கள். வெளிச்சத்தம் பதியக்கூடாது என்று ஏசியை நிறுத்தினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். அந்தத் தகர ரூமில் ஏசி இல்லாமல் ஐந்து நிமிஷம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பழனிச்சாமி பதிகிற பட்டனை அமுக்கினான். முந்தாநாள் குழாயும் கையுமாக நின்றவர்கள், வேர்வை சொட்டச் சொட்ட, இருமலை அடக்கிக்கொண்டு, தங்களிடம் திருடியவன் தன் அம்மாவிடம் நல்லா இருக்கேன் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலுச்சாமி பேசி முடித்ததும் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. தட்டல் கேட்டது. கொரகொரப்பு வந்தது. பழனிச்சாமி கார்மேகத்தைப் பார்த்தான். கார்மேகம் வேண்டாம் என்று கையைக் காட்டினான். நாகவள்ளியின் சிரிப்பும் அருப்புக்கோட்டைக் கேசட்டில் ஏறியது.